சங்கு ஊதிய கிட்டார்

வெல்லப்பாகு அடிபிடிக்கிற வாசம். அதோடு சூடேறின தூசி. அதற்கும் அடியில் ஈயம் உருகுகிற மெல்லிய நெடி. போன ஞாயிற்றுக்கிழமை, வாளையார் நெடுஞ்சாலை ஓரம் நீங்கள் ஒத்திகை பார்க்கும் தகரக் கூடத்தில், மூலையில் கிடந்த என் பழைய ஆம்ப்ளிஃபயரை உங்களில் யாரோ விளையாட்டுக்கு ஆன் செய்தீர்கள். உள்ளே வால்வு சிவந்தது. ஐந்தே நிமிடம். வெளியே சிமென்ட் லாரிகள் உறுமிக்கொண்டு போக, உள்ளே அந்த வாசம் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தது. நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணா, என்னமோ கருகுது" என்றீர்கள்.

ஒன்றும் கருகவில்லை. அந்தப் பெட்டி ஆறு வருடம் மறையூரில், கரும்புச் சாறு காய்ச்சும் கொட்டகையில் குடியிருந்தது. வெல்ல ஆவி அதன் மரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சூடு பட்டால் இன்னும் இனிக்கிறது. என்னைவிட அதற்கு நல்ல முதுமை.

அன்றைக்கு நீங்கள் கேட்டீர்கள்: "உங்க அனுபவத்துல எங்களுக்கு ஏதாவது சொல்லுங்கண்ணா." நான் டீயைக் குடித்துவிட்டு நழுவிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். ஸ்கேல், விரல் வேகம், எந்தக் கம்பி நல்லது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் ஃபோன் என்னைவிட நன்றாகவும் பொறுமையாகவும் சொல்லித்தருகிறது. ஃபோன் சொல்லித்தராத ஒன்று உண்டு. நீங்கள் கிளப்பும் சத்தம் ஸ்பீக்கரோடு முடிந்துவிடுவதில்லை. அது எங்கேயோ போய் யார் தலையிலோ விழுகிறது. விழுந்த பிறகு என்ன செய்வது என்பதை எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை.

நான் மொத்தம் நாலு குழுக்களில் வாசித்தேன். முதலாவது எங்கள் எஸ்டேட் தேவாலயப் பாடகர் குழு. ஒரு ஈஸ்டர் பூசையில் உயிர்த்தெழுதலுக்குத் தகுந்த சத்தம் கொடுத்தேன் என்று நினைத்தேன். ஃபாதர் கல்லறைக்குத் தகுந்த முகம் காட்டினார். அத்தோடு சரி. இரண்டாவது குழு ஒரு கல்யாணத்தில் கலைந்தது. மாப்பிள்ளை எங்கள் பாடகர். கடைசிக் குழுவை ஒரு கல்ஃப் விசா தின்றது. நடுவில் ஒன்று இருக்கிறது, மூன்றாவது. அதைத்தான் நான் குழு என்பேன். பெயர் மண்டையிடி. எங்கள் ஹார்ட் ராக்கைக் கேட்டவர்கள் முதலில் சொன்ன வார்த்தையையே பெயராக வைத்துக்கொண்டோம். விமர்சகர்களுக்கு வேலை மிச்சம்.

மண்டையிடியில் மூன்றே பேர். டிரம்ஸ், மயில்சாமி. மீனாட்சிபுரத்தில் எட்டு மாடு வைத்திருந்த பால்காரன். பால் பீச்சிப் பீச்சி இரும்பான மணிக்கட்டு. அவன் அடித்தால் தோல் அழும். பேஸ் கிட்டார், கிச்சு. கல்பாத்தி அக்கிரகாரத்துப் பையன். ஐந்து வயதில் வீணை, இருபதில் எங்களோடு சேர்ந்து வீட்டுக்குள் சாப்பாடு நிறுத்தம். தட்டு கீழே விழுந்தால் அது என்ன ஸ்வரம் என்று சொல்வான். மூன்றாவது நான், ஜெபராஜ். மூணாறுக்கு அந்தப்பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். கிட்டாரும் கத்தலும் என்னுடையவை. மூன்று பேருக்கும் மூன்று ஊர், மூன்று தமிழ். பஸ் கணக்கில் நடுவாக அமைந்தது மறையூர். அதனால்தான் அந்த வெல்லக் கொட்டகை.

எங்கள் குழுவுக்கு ஒரு சட்டம் இருந்தது. மயில்சாமி வைத்தது. எந்த மேடையானாலும் விடியக்காலைப் பால் பீச்சுக்கு அவன் வீட்டில் இருந்தாக வேண்டும்.

"சாயங்காலம் என்ற சம்சாரம் பீச்சிப்போடுவா. காலைல அந்தச் செவலை என்ற கைக்குத்தான் எறக்குமுங். வேற கை பட்டா ஒதைக்கும். ஒதச்சா நீங்க வந்து பீச்சுவீங்களா?"

நாங்கள் பீச்சமாட்டோம். ஆகவே தமிழ்நாட்டு எல்லையிலிருந்து இடுக்கி மலை வரைக்கும், பகல் வெயிலில் ஹார்ட் ராக் வாசித்த ஒரே குழு நாங்கள்தான். ஒரு பசுவின் மடியைப் பார்த்துக் கச்சேரி நேரம் குறித்தோம். சிரியுங்கள். ஆனால் நான் சொல்லப்போகும் விபத்துக்கு முதல் காரணம் இந்தச் சட்டம்தான்.

இரண்டாவது காரணம் நான்.

எங்கள் லயத்துக்கு நேர் கீழே ஃபேக்டரி. ஃபேக்டரி உச்சியில் சங்கு. காலையில் வேலைக்கு ஏற ஒரு ஊதல், மதியம் ஒன்று, சாயங்காலம் நாலரைக்குக் கொழுந்து எடுப்பதை நிறுத்தி இறங்க ஒன்று. வயிற்றில் இருக்கும்போதே நான் கேட்ட முதல் வாத்தியம் அதுதான். சின்ன வயதில் என்னிடம் சுருதிப்பெட்டி கிடையாது. சங்கு ஊதும்போது ஓடிப்போய் வாசலில் உட்கார்ந்து, அது அடங்குவதற்குள் என் தடித்த கம்பியை அதற்குச் சேர்த்துக்கொள்வேன். மற்ற ஐந்தும் அந்தக் கம்பிக்குச் சேரும். பிறகு கிச்சு என் கிட்டாருக்குச் சேர்த்தான். ஆக, மண்டையிடி முழுவதுமே ஒரு தேயிலை ஃபேக்டரியின் சங்குக்குச் சுருதி கூட்டப்பட்ட குழு. இதில் எனக்குப் பெரிய கர்வம். லயத்தில் மின்சாரக் கிட்டாரைச் சத்தமாக வாசிக்க வழியில்லை என்பதால் ஊரில் யாருக்கும் இது தெரியாது. என் அம்மாவைத் தவிர. சங்கு ஊதும்போதெல்லாம் நான் சுருதி ஆணியை முறுக்குவதைப் பார்த்துக்கொண்டே அவள் கொழுந்துச் சாக்கை மடித்து இடுப்பில் கட்டுவாள்.

அம்மா பெயர் ஞானம்மா. முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்தவள். அந்த விபத்து நடந்த மாதத்தின் கடைசி நாள் அவளுக்குப் பணி ஓய்வு. எஸ்டேட்டில் ஓய்வு என்றால் என்னவென்று உங்களில் மலையிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். லயத்து வீடு வேலைக்காரருக்கு, வேலை இருக்கும்வரை. செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் குடும்பத்துப் பெயர் ஒன்று இருந்தால் வீடு நிற்கும். பெயர் விழுந்தால் வீட்டுச் சாவியை ஆபீசில் வைத்துவிட்டு இறங்க வேண்டும். அப்பா முன்பே போய்விட்டார். மிச்சம் இருந்த ஒரே பெயர் என்னுடையது.

மலையாளி மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். ஃபேக்டரியில் எலக்ட்ரிக்கல் உதவியாளாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட வேண்டும். "பின்னே, இந்தக் கிட்டார் பரிபாடி ஒக்கே நிறுத்தணும், கேட்டோ." தலையாட்டிவிட்டு வந்தேன். மயில்சாமியிடமோ கிச்சுவிடமோ சொல்லவில்லை. திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை எஸ்டேட் பள்ளிக்கூட ஆண்டு விழா. அங்கே வாசிக்க ஒத்துக்கொண்டிருந்தோம். என் ஊரில் எங்கள் முதல் மேடை. எனக்கு மட்டும் தெரியும், அதுதான் கடைசி என்று.

விழாவை நாலரைச் சங்குக்குப் பிறகு வைக்கத்தான் தலைமை ஆசிரியை நினைத்திருந்தார். மயில்சாமி விடவில்லை.

"டீச்சர், நாலு மணி பஸ்ஸ உட்டா நான் உடுமலைப்பேட்டைக்கே போய்ச் சேரமாட்டனுங். ரெண்டரைக்கு வெச்சுக்கலாமுங்."

மாட்டுக்காக இரண்டரைக்கு வைத்தார்கள். விழா அன்று மறையூரிலிருந்து வரும் வழியில் பஸ்ஸில், கிச்சு ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்:

"ஜெபா, நம்ம கடைசிப் பாட்டுல நீ ஸ்பீக்கர் முன்னாடி நின்னுண்டு ஊளை விடுவயே, அது உங்க சங்கோட ஸ்வரமாக்கும். அச்சு அசல். இன்னிக்கு அதை இழுத்துண்டு நிக்காதே, கேட்டயா?"

"ஏன், சங்குக்குக் கோவம் வருமா?"

"சொல்லியாச்சு," என்றான். தூங்கிவிட்டான்.

தம்பிகளே, தங்கைகளே, பேஸ் வாசிப்பவர் பேசுவது அபூர்வம். பேசினால் கேளுங்கள்.

மைதானத்துக்கு மேலே மலை. மலை முழுக்கத் தேயிலை, தேயிலைக்கு மேலே மேகம் இறங்கியிருந்தது. மைக் செட்டுக்காரர் நாலு குழாய் ஸ்பீக்கர்களைச் சில்வர் ஓக் மரத்தில் கட்டி, மேலே வேலை செய்பவர்களுக்கும் கேட்கட்டும் என்ற நல்ல மனதோடு மலையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். மேனேஜர் முதல் வரிசையில். அவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காகச் சூப்பர்வைசர்கள் எல்லோரும் தேயிலைக் காட்டை விட்டு இறங்கி வந்து நாற்காலிகளை நிரப்பியிருந்தார்கள். மேலே கையில் வாட்ச் கட்டின ஆள் ஒருவர்கூட இல்லை.

வாசித்தோம். பிள்ளைகள் குதித்தார்கள். மேனேஜர் காதில் விரலை வைத்துக்கொண்டு மரியாதைக்குச் சிரித்தார். கடைசிப் பாட்டு வந்தது. அந்த ஃபீட்பேக் ஊளை வந்தது. வழக்கமாக எட்டு எண்ணிக்கை பிடித்துவிட்டு விடுவேன். அன்று விடவில்லை. விட்டால் முடிந்துவிடும். திங்கட்கிழமை ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு பெட்டி முன்னால் நின்றேன். கம்பியை நான் தொடவே இல்லை, அது தானாக அலறியது. மலை அதை வாங்கித் திருப்பி அனுப்பியது. மயில்சாமி நாற்பது வரை எண்ணிவிட்டு எண்ணிக்கையைத் தவறவிட்டானாம்.

கண்ணைத் திறந்தபோது மலை நகர்ந்துகொண்டிருந்தது.

பச்சைக்குள்ளிருந்து தலைகள். தலையில் கொழுந்து மூட்டை. வரிசை வரிசையாக, ஏழாம் நம்பர் காடு, எட்டாம் நம்பர் காடு, சிரித்துப் பேசிக்கொண்டு எல்லோரும் எடை போடும் கொட்டகைக்கு இறங்கி வந்தார்கள். மணி மூன்று ஆகவில்லை. நிஜமாகவே ஏமாந்தீர்களா என்று பிற்பாடு பலரைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்வார்கள். சிரிப்பு மட்டும் ஒன்றுபோல இருக்கும்.

மேனேஜர் எழுந்தார். "எந்தா இது? மணி மூணு ஆயிட்டில்ல! யாரு சைரன் அடிச்சது?"

ஆள் அனுப்பிச் சங்குக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் சண்டைக்கு வருவார். எங்கள் லயத்தில் மூன்றாவது வீடு. சங்கு ஸ்விட்ச் இருக்கும் அறையின் சாவி அவர் இடுப்பில்தான் தூங்கும். என் சங்கீதத்தை அவருக்கு அறவே பிடிக்காது. "தகரத்துல ஆணி வச்சுக் கீறுத சத்தம்" என்பார். முந்தின வருடம் ஒருநாள் கண்ணயர்ந்து சங்கு பத்து நிமிடம் பிந்தியதற்கு அவருக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று அதில் எழுதியிருந்தது ஊருக்கே தெரியும். வேலை இல்லை என்றால் வீடும் இல்லை. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

"சாமி சத்தியமா நான் தொடல சார்."

"பின்னே அது தானே அடிச்சதோ? சாவி ஆருடே கையில்?"

"என் கையிலதான் சார். ஆனா நான் தொடல."

"சாவி இங்கே தா."

இந்த இடத்தில் உங்கள் அண்ணன் என்ன செய்தான் என்று கேளுங்கள். ஒன்றும் செய்யவில்லை. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் நின்றேன். சங்குக்காரர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்ப்பதைப் பார்த்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது, நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் கணக்குப் போட்டேன். நான் வாயைத் திறக்காவிட்டால் திங்கட்கிழமை கையெழுத்து, அம்மாவுக்கு வீடு. திறந்தால் அவருக்கு வீடு. ஒரு நீளமான சோலோ வாசிக்கும் நேரம் அப்படி நின்றேன். சின்ன நேரம் இல்லை அது. என் வாழ்க்கையில் நான் வாசித்ததிலேயே கேவலமான சோலோ.

அப்போது அம்மாவைப் பார்த்தேன். எட்டாம் நம்பர் காட்டுக்காரிகளோடு வந்து மூட்டையை இறக்கிவிட்டு, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, காலில் கடித்திருந்த அட்டையின் மேல் உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். அந்த ஸ்வரத்துக்கு நான் ஆணி முறுக்கியதை இருபது வருடம் பார்த்தவள். அவள் என்னைப் பார்த்துக் கண்ணால் ஏதாவது சொல்வாள், சொல்லு என்றோ சொல்லாதே என்றோ, என்று காத்திருந்தேன். அவள் அட்டை விழும்வரைக்கும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் உங்களுக்குக் கை காட்டமாட்டார்கள். நீங்களேதான் ஆரம்பிக்க வேண்டும்.

மைக்கில் சொன்னேன். "சார், அது சங்கு இல்ல. நான்தான்."

மேனேஜர் நம்பவில்லை. அதுதான் கொடுமை. உண்மையைச் சொல்ல அவ்வளவு பாடுபட்டு, கடைசியில் அது செல்லாமல் போனால் எப்படியிருக்கும்! "ஒரு கிட்டார் சைரன் ஆகுமா? தன்ற ஆளைக் காப்பாத்த நுணை பறையண்டா." பொய் சொல்லாதே என்கிறார்.

கிச்சு தன் மைக்குப் பக்கம் வந்தான். "சார், ஸ்வரம் ஒண்ணாக்கும். சந்தேகம்னா அவரைப் பக்கத்துல நிக்க வச்சுண்டு, இவனை இன்னொரு வாட்டி வாசிக்கச் சொல்லுங்கோ."

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார். "எந்நா, வாசிக்கு."

மயில்சாமி பின்னாலிருந்து முணுமுணுத்தான்: "ஏப்பா, நாலு மணி பஸ்ஸு..."

வாசித்தேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். சங்குக்காரர் மேனேஜருக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார், போலீஸ் பிடித்த திருடனைப்போல. ஸ்பீக்கர் அலறியது. மலை திருப்பி அலறியது. முதல் தடவை ஏமாறாமல் மேல் டிவிஷனில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். ஃபேக்டரிக்குள் மெஷினில் நின்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆபீசிலிருந்து கிளார்க் ஒருவர் டிபன் கேரியரோடு கிளம்பிவிட்டார். அந்தப் பிற்பகலில் ஒரு கிட்டார் ஒரு எஸ்டேட்டையே மூடியது. என் கச்சேரிகளில் அதைவிடப் பெரிய வரவேற்பு எனக்குக் கிடைத்ததில்லை.

மேனேஜர் மலையைப் பார்த்தார். சாவியைச் சங்குக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "திங்களாழ்ச்ச வரண்டா." திங்கட்கிழமை வேலை அதோடு போயிற்று.

சங்குக்காரர் கையை இறக்கினார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "ஏலே, என் சங்க விட உன் சங்கு தூரமால்லா கேக்கு," என்றார் எரிச்சலாக. போய்விட்டார்.

உண்மை சொன்னவனுக்கு வீட்டில் பாயசம் காத்திருந்தது என்று எழுத ஆசைதான். அம்மா டம்ளரை எறிந்தாள். அது என் நெற்றியில் பட்டுத் தரையில் உருண்டது. மூன்றாம் நாள், "ஒனக்கு எட்டு எண்ணி நிறுத்தத் தெரியாதாலே?" என்று கேட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான். அந்த வீட்டை நான் இழந்தது உண்மை சொன்னதால் இல்லை. ஒரு ஸ்வரத்தை என் துக்கத்துக்காக இழுத்துப் பிடித்ததால். மேடையில் நீங்கள் அழலாம். ஆனால் குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அழுங்கள்.

கடைசி மேடை என்பதை மறைத்ததற்காக மயில்சாமி என்னைத் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. அவன் பஸ்ஸைத் தவறவிட்டான். செவலை அவன் மனைவியை உதைத்தது. அந்தத் திட்டும் சேர்ந்து எனக்கே வந்தது. ஆனால் மாதக் கடைசியில் சித்தப்பா மகனின் மினி லாரியை ஓட்டிக்கொண்டு வந்து லயத்து வாசலில் நின்றவன் அவன்தான்.

"அம்மா, நம்ம மாட்டுச் சாளைக்குப் பக்கத்துல ஓட்டு ஊடு ஒண்ணு சும்மா கெடக்குதுங். வாங்க, போலாம். இவனையும் வேணும்னா ஏத்திக்கலாமுங்."

மாடுகள் எத்தனை மணிக்கு எழுந்து கத்தும் என்பதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கட்டில், இரண்டு பெட்டி, ஜெபமாலை மாட்டின மாதா படம், அம்மிக்கல். கிச்சு கல்பாத்தியிலிருந்து பஸ் ஏறி வந்து, அம்மிக்கல்லைத் தூக்குகிறேன் என்று காலில் போட்டுக்கொண்டு நொண்டினான். லயத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள். சங்குக்காரர் கூப்பிடாமலே வந்து, லாரியின் பின்னால் ஏறி, கட்டிலைக் கயிறு போட்டு இறுக்கினார். முடிச்சு போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. கீழே குதித்து, முன்சீட்டில் மாதா படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கம் போய் நின்றார். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எக்கா," என்றார். "இத்தன வருசமா நான் ஊதி நீங்க எந்திரிச்சிய. நாளைக்கு அங்க ஒங்கள யாரு எழுப்புவா?"

அம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"யாரும் எழுப்பக் கூடாதுன்னுதானப்பா போறேன். கைய எடு, வண்டி கெளம்பட்டும்."